டிட்டோ என்றால் சொன்னது

கண்ணா,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீயும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பாய். ஆனால் இந்த வீட்டில் போனில் ரகசியம் பேச முடியாது. சன்னல் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்கு இன்னிக்குக் கொஞ்சம் சரியில்ல" என்று சொன்னால், உள்ளே நாற்காலியிலிருந்து "கொஞ்சம் சரியில்ல" என்று அப்பாவின் குரல் வரும். அவரைப் பற்றிப் பேசி, அதை அவர் வாயாலேயே திரும்பக் கேட்க எனக்குத் தெம்பில்லை. எதிர்வீட்டு ரேணுகா இன்று லீவு போட்டிருக்கிறாள். அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் டிவி முன்னால் உட்காரவைத்திருக்கிறாள். "நீவு ரெஸ்ட் மாடி ஆன்ட்டி" என்று என்னை ஓய்வெடுக்கச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டுப் போனாள். படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. உன் கேள்வி வந்து நின்றது. எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய குரல் செய்தியைப் பலமுறை கேட்டுவிட்டேன். பின்னால் ஏதோ டிராம் வண்டியின் சத்தம். மூச்சு வாங்க நடந்துகொண்டே பேசியிருக்கிறாய். "அம்மா, நான் கெளம்பற அன்னிக்கு அப்பா 'போயிட்டு வா'ன்னாரே, அது நெஜமாவே சொன்னதா, இல்ல வெறும் டிட்டோவா? மறைக்காம சொல்லு. டிட்டோன்னா நான் வேலைய விட்டுட்டு வந்துடறேன்மா. அவர் சரின்னு சொல்லாமலே வந்துட்டேனோன்னு தெனம் உறுத்துது." இவ்வளவுதான் கேட்டாய். இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் எழுத முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன். நீயே எடைபோட்டுக்கொள்.

முதலில் அந்தச் சொல் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதை நினைவுபடுத்துகிறேன். நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தாய். நான் இங்கிலீஷ் டீச்சராக இருந்த அதே பள்ளிக்கூடம். வகுப்பில் ஓயாமல் பேசினாய் என்று உன் கணக்கு டீச்சர் உனக்கு இம்போசிஷன் கொடுத்தார். 'இனி வகுப்பில் பேசமாட்டேன்' என்று நூறு தடவை இங்கிலீஷில் எழுதிவர வேண்டும். நீ முதல் வரியை அழகாக எழுதிவிட்டு, அதற்குக் கீழே ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக இரண்டிரண்டு சின்னக் கோடுகளாகப் பக்கம் முழுக்கப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாய். டிட்டோ குறி. அந்த வாரம்தான் நான் உன் வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன்! ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். பொம்மசந்திரா ஃபாக்டரியிலிருந்து பாதி நாள் லீவு போட்டு, நீலச் சட்டையோடு அப்படியே வந்து நின்றார். அந்த டீச்சர் பேப்பரை நீட்டினார். அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அந்தப் பள்ளிக்கூட வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"கரெக்ட்டாத்தானே மேடம் எழுதியிருக்கான்? அதேதானே சொல்லியிருக்கான்?" என்றார்.

"சார், பனிஷ்மென்ட்னா பனிஷ்மென்ட். கையால எழுதணும்."

"ஒரு தடவை எழுதினது பொய்யா இருந்தா, நூறு தடவை எழுதினா நெஜமாயிடுமா மேடம்?"

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. நான்தான் இடையில் புகுந்து சமாதானம் செய்தேன். கடைசியில் நீ உட்கார்ந்து முழுவதையும் எழுதிக் கொடுத்தாய். ஆனால் அன்றிலிருந்து நம் வீட்டில் எதற்கெடுத்தாலும் டிட்டோதான். இன்னிக்கு என்ன சாப்பாடு? நேற்றைக்கு டிட்டோ. பரீட்சை எப்படி எழுதினே? போன தடவைக்கு டிட்டோ. நீ வளர வளர, நடையில் அப்பாவுக்கு டிட்டோ, கோபத்தில் அப்பாவுக்கு டிட்டோ என்று மாதா கோயிலில் எல்லோரும் சொன்னார்கள். அதைக் கேட்டால் அப்பாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளமாட்டார்.

அந்த மனிதருக்குத்தான் இப்படி வந்தது. வாழ்க்கையில் எதையும் இரண்டாவது தடவை சொல்லாதவர் உன் அப்பா. 'அதான் சொல்லிட்டேனே' என்று கூடச் சொல்லமாட்டார், அதுவே ஒரு தடவை கூடுதல் என்று நினைப்பார். கல்யாணமான புதிதில் அவர் முணுமுணுப்பது எனக்குக் காதில் விழாது. என்ன என்று கேட்டால் பேசாமல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் வாயைப் பார்த்தே புரிந்துகொள்ளப் பழகினேன். நீ எலெக்ட்ரானிக் சிட்டியில் முதல் வேலைக்குச் சேர்ந்த அன்று கம்பெனி கேப் வந்து ஹாரன் அடித்தபோது, "ஹெல்மெட் போடாதவன் வண்டியில ஏறாத" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். ஏன் சொன்னார் என்று அப்போது உனக்குப் புரியவில்லை. கேப்புக்கு ஏது ஹெல்மெட் என்று நீ சிரித்தாய். கேப்பைத் தவறவிட்டால் நண்பன் பைக்கில் தொற்றிக்கொண்டு போவாய் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

போன வருஷம் தவக்காலத்தில் அவர் பக்கவாதம் வந்து விழுந்ததும், ஆஸ்பத்திரியில் நீ என்னோடு நின்றதும் உனக்குத் தெரியும். கையும் காலும் மெல்ல மெல்ல ஓரளவு திரும்பின. பேச்சுதான் திரும்பவில்லை என்று நாம் பயந்துகொண்டிருந்தபோது, ஒரு காலை நான் "எழுந்துட்டீங்களா?" என்று கேட்டேன். "எழுந்துட்டீங்களா?" என்றார். நீ ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாய். பேச்சு வந்துவிட்டது என்று இருவரும் அழுதோம். மத்தியானத்துக்குள் அது என்ன என்று புரிந்துவிட்டது. டாக்டர் அதற்கு எக்கோலேலியா என்று பெயர் சொன்னார். "கேக்கறதைத் திருப்பிச் சொல்ற பாதை நல்லா இருக்கு. தானா ஒரு வார்த்தையை யோசிச்சு எடுக்கிற பாதைதான் அடைஞ்சு போச்சு" என்றார். அப்படியானால் புரிந்துதான் சொல்கிறாரா என்று நீ கேட்டாய். "சில நேரம் புரியும், சில நேரம் புரியாது. எது எப்பன்னு எங்களாலயும் சொல்ல முடியாது சார்" என்றார். அந்தப் பதிலோடுதான் நாம் வீட்டுக்கு வந்தோம். அந்தப் பதிலோடுதான் நான் இன்றுவரை குடித்தனம் செய்கிறேன்.

ஆளுக்கொரு பாஷை பேசுகிற இந்த ஊரில் இருப்பதால் வெளியாட்களுக்கு ரொம்ப நாள் ஒன்றும் தெரியவில்லை. ரேணுகா மாடிப்படியில் பார்த்து "ஊட்டா ஆய்த்தா அங்கிள்?" என்பாள். "ஊட்டா ஆய்த்தா?" என்பார் அப்பா. சாப்பிட்டாயா என்று பதிலுக்குக் கேட்கிறார் என்று அவள், "ஆய்த்து அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போவாள். முட்டைக்கடை பாய் "கைசே ஹை சாப்?" என்று நலம் விசாரிப்பார். "கைசே ஹை சாப்?" என்று பதில் போகும். பாய்க்குத் தன்னையும் ஒருவர் சாப் என்று கூப்பிட்டதில் ஏக மகிழ்ச்சி. கோயிலில் பூசை நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர் "சமாதானம்" என்று கைகூப்ப, அப்பாவும் "சமாதானம்" என்று கைகூப்புவார். அங்கே அது பிசகே இல்லை. பாதி மனிதர்கள் பாதிப் பேச்சை இப்படித்தான் நடத்துகிறார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக்குள் அப்படி இல்லை. நீ போன பிறகு இந்த இரண்டு அறைகளில் நான் பேசுவதுதான் எனக்குத் திரும்பக் கேட்கிறது. "மாத்திரை போட்டுக்குங்க." "போட்டுக்குங்க." "கையைத் தூக்குங்க, சட்டை மாத்தணும்." "மாத்தணும்." என் குரலில் எரிச்சல் இருந்தால் அந்த எரிச்சலும் அச்சாகத் திரும்பி வரும். நான் கத்தினால் அவரும் கத்துவார். ஆனால் முகத்தில் கோபம் இருக்காது, கண் பரிதாபமாக என்னையே பார்க்கும். அதனால் இப்போது கத்துவதை விட்டுவிட்டேன். பெரிய பொறுமை வந்துவிட்டது என்று நினைக்காதே. என் கத்தலை என்னாலேயே கேட்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் வெறுத்துப் போய் ஒரு வேலை செய்தேன். சாம்பார் ஊற்றிவிட்டு, "சாம்பார் நல்லா இருக்கு" என்றேன். "சாம்பார் நல்லா இருக்கு" என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை! எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நாளும் சொல்லவைத்தேன். மூன்றாவது நாள் வாயைத் திறந்தேன், அதற்கு மேல் முடியவில்லை. அடுத்தவர் பையிலிருந்து எடுத்துத் தின்கிற மாதிரி இருந்தது. பேசாமல் பரிமாறிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பேச்சுப் பயிற்சிக்கு மெட்ரோவில் கூட்டிப்போகிறேன். ரயிலுக்குள் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அந்தப் பெண் குரல், "முந்தின நில்தாண" என்று அடுத்த நிறுத்தத்தைச் சொல்லும். அப்பாவும் அதே இழுப்போடு, உரக்க, "முந்தின நில்தாண" என்பார். முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். நான்காவது ஐந்தாவது தடவை யாரும் சிரிக்கவில்லை, பார்த்தார்கள். ஒரு பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, எழுந்து, தன் இடத்தில் என்னை உட்காரச் சொன்னாள். அவருக்கு இடம் கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேன். என்னைப் பார்த்து எழுந்தாள். அப்போதுதான் என் முகம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி, பிளாட்பாரத்தில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நீ கிளம்பிய நாளுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, டாக்சி கீழே வந்து நின்றது. பெட்டிகளை இறக்கிவிட்டு மறுபடி மேலே ஏறிவந்தாய். அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் மண்டி போட்டாய். வழக்கமாக அவர் பெருவிரலால் உன் நெற்றியில் சிலுவை போடுவார். கை எழும்பவில்லை. நான் அவர் கையைப் பிடித்துப் போடவைத்தேன். "அப்பா, போயிட்டு வரேன்" என்றாய். அவர் உன்னையே பார்த்து, "போயிட்டு வரேன்" என்றார்.

உன் முகம் விழுந்ததைப் பார்த்தேன். அவர்தான் எங்கேயோ கிளம்புகிற மாதிரி இருந்தது. நீ அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அப்படி இல்லப்பா. போயிட்டு வா. சொல்லுங்கப்பா, போயிட்டு வா" என்றாய். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கீழே டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். பிறகு, "போயிட்டு வா" என்றார். நீ அவர் கையில் முகத்தை வைத்துக்கொண்டாய். எழுந்து, என்னைப் பார்க்காமலே படியிறங்கிப் போய்விட்டாய். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு அது கீழே விழுந்துவிடுமோ என்று பயந்து ஓடுகிறவன் மாதிரி ஓடினாய்.

அங்கே போய் வேலையில் சேர்ந்து, அறை பிடித்து, சமைக்கப் பழகிய பிறகு உனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. வரும். எனக்கு அன்றே வந்தது, நான் வெளியே சொல்லவில்லை.

உன் செய்தியைக் கேட்ட பிறகு என் பழைய டிக்‌ஷனரியை இறக்கித் தூசி தட்டினேன். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு டிட்டோ என்றால் 'அதே' என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எங்கிருந்து வந்த சொல் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அது இத்தாலியச் சொல்லாம். அங்கே அதற்கு அர்த்தம் 'அதே' இல்லை. 'சொன்னது', 'சொல்லப்பட்டது' என்று அர்த்தம். லத்தீனில் 'சொல்' என்கிற வினையிலிருந்து பிறந்தது. வியாபாரிகள் கடிதத்தில் ஒரு தடவை மாதத்தின் பெயரை எழுதிவிட்டு, அடுத்த தடவை அதையே எழுதாமல் 'சொன்ன மாதம்' என்று விட்டுவிடுவார்களாம். இங்கிலீஷ்காரர்கள் அதைக் கடன் வாங்கி, போகப்போகச் 'சொன்ன' என்பது மறந்து 'அதே' என்று ஆக்கிவிட்டார்கள். நான் வகுப்பில் எடுத்த டிக்டேஷனும், மடியில் வைத்திருந்த டிக்‌ஷனரியும் அதே வினையிலிருந்து வந்த உறவுக்காரர்கள். நம்மிடமும் இதற்குச் சொல் உண்டு, மேற்படி. பழைய பத்திரங்களில் அதற்கு ௸ என்று ஒரு சுழித்த எழுத்தே இருக்கிறது. ஆனால் மேற்படி என்றால் மேலே உள்ளபடி என்றுதான் பொருள். அந்த இத்தாலியச் சொல்லில் ஒரு வாய் இருக்கிறது. யாரோ ஒருவர் சொன்னார் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

நீ 'வெறும் டிட்டோவா' என்று கேட்டபோது, உனக்கே தெரியாமல் 'வெறுமனே சொன்னாரா' என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி யோசித்தேன். நீ முதன்முதலில் பேசியது என்ன? உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும் நேரம், "அப்பா சொல்லு, அப்பா சொல்லு" என்று நான்தான் விடாமல் சொன்னேன். நீ "அப்பா" என்றாய். பிள்ளை திருப்பித்தானே சொன்னான், அர்த்தம் தெரிந்தா சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை. உன் அப்பா அன்று சட்டைகூட மாற்றாமல் உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். எங்கள் கல்யாணத்தில் சாமியார் சொல்லச் சொல்லத்தான் வார்த்தைப்பாட்டைச் சொன்னோம். இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் என்று அவர் சொன்னதை நாங்கள் திருப்பிச் சொன்னோம். எனக்கு நடுக்கத்தில் பாதி வார்த்தை காதிலேயே ஏறவில்லை. நோயிலும் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அன்று எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் நான் சொன்னதாகத்தான் கணக்கு. அதை வைத்துத்தான் இன்று அவருக்குச் சட்டை மாற்றிவிடுகிறேன்.

இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். அதை உனக்குப் பதிலாக அனுப்ப மனசு வரவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் களைத்துப் போயிருக்கிறேன், கண்ணா. முதுகு விட்டுப்போகிறது. காலையில் எழுந்ததும் இன்றைக்கும் இதேதானே என்றுதான் முதல் நினைப்பு. உன் செய்தியைக் கேட்டதும் முதலில் தோன்றியது என்ன தெரியுமா? 'ஆமாம், அது டிட்டோதான், வந்துவிடு' என்று அனுப்பிவிட்டால் என்ன என்றுதான். டாக்டரே தெரியாது என்கிறார், யார் என்னைக் கேட்கப்போகிறார்கள்? நீ வந்தால் குளிப்பாட்டும்போது ஒரு கை கூட இருக்கும். கேட்டால் வேறு வார்த்தையில் பதில் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருக்கும். போனைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். இப்படிச் சில நாட்கள் போயின. அதனால்தான் உனக்குப் பதில் வரத் தாமதம். உடம்பு சரியில்லை என்று உனக்குச் சொன்னது பாதிதான் உண்மை.

அப்போதுதான் உன் அத்தை கே.ஜி.எஃப்பிலிருந்து வந்தாள். அப்பாவுக்கு அக்கா, உனக்குத் தெரியாததா, வாயில் நிற்காது, மனசில் ஒன்றும் இருக்காது. காலை ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷனிலிருந்து நடந்தே இங்கே ஒக்கலிபுரம் வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தம்பியின் தாடையைப் பிடித்து, "இன்னாடா தம்பி, எப்டிகீறே?" என்றாள். "எப்டிகீறே?" என்றார் அப்பா. "நான் நல்லாகீறேன், நீ சொல்லு." "நீ சொல்லு." அவளுக்கு நான் போனில் எல்லாம் சொல்லியிருந்தேன், ஆனாலும் நேரில் பார்த்ததும் ஆடிப்போய்விட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு காப்பி குடித்தாள். பிறகு, அழுத ஆத்திரமெல்லாம் உன் பக்கம் திரும்பிவிட்டது.

"இப்டி கெடக்கிற அப்பனை வுட்டுட்டு எப்டித்தான் பிளேன் ஏறினானோ" என்றாள்.

"நாங்கதான் அண்ணி போகச் சொன்னோம். நல்ல வேலை."

"நல்ல வேலை இங்க இல்லியா? எங்க ஊர்ல பாக்கலியா நானு. போனவன் எவன் திரும்பி வந்தான்? அங்கயே ஒருத்தியக் கட்டிக்கினு, வீட்ட வாங்கிக்கினு, போட்டோ அனுப்புவான்." அப்பாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "டேய் தம்பி, உம்புள்ள வரமாட்டான்டா. மனசத் தேத்திக்கோ. வரமாட்டான்."

நான் அடுப்படி வாசலில் டம்ளர்களோடு நின்றேன். இதோ இப்போது அவர் வாயால் அதைக் கேட்கப்போகிறேன் என்று காத்திருந்தேன். ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தலாமா என்றுகூட இருந்தது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அத்தைக்கும் அது விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். வந்ததிலிருந்து அவள் தும்மினதைத் தவிர எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னவர். "காதுல வுழுந்துதா? வரமாட்டான்றேன்" என்று குனிந்து, இன்னும் உரக்கச் சொன்னாள். அப்பாவின் உதடு அசைந்தது. முதல் எழுத்து வருகிற மாதிரி கீழுதட்டைப் பல்லால் தொட்டார். அப்படியே வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. நாற்காலிக் கையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு தலையை மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் வந்தால் முன்பெல்லாம் அப்படித்தான் திரும்பிக்கொள்வார். அவர் விழுந்ததற்குப் பிறகு நான் அதைப் பார்த்ததே இல்லை.

அத்தை பயந்துபோனாள். எழுந்து அவர் முன்னால் போய், "டேய், டேய் தம்பி. சும்மா சொன்னேன்டா. வாய்க்கொழுப்பு எனக்கு. வருவான்டா. உம்புள்ளதானே? வருவான்" என்றாள்.

"வருவான்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு எல்லாம் பழையபடிதான். "சோறு போடட்டா?" "போடட்டா?" "ரசம் ஊத்தட்டா?" "ஊத்தட்டா?" அத்தை சாயங்காலம் ரயிலுக்குப் போகும்போது, "வரேன்டா தம்பி" என்றாள். "வரேன்டா தம்பி" என்றார். அவள் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டு படியிறங்கினாள்.

பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அந்தப் பெண் கவனமாகக் கேட்டது. "அப்படி நடக்கும் மேடம். சில பேர் தப்பான வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லமாட்டாங்க, திருத்திச் சொல்வாங்க. அன்னிக்குக் களைப்பாவும் இருந்திருக்கலாம். ஒரு தடவை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றது. சரிதான். நானும் உனக்கு அதற்கு மேல் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். சொல்லக் கூடாததைச் சொல்லாமல் இருக்க அவரால் முடிகிறது. நீ கேட்டது 'போயிட்டு வா' என்பதைப் பற்றி. அன்று அவர் ஹாரன் அடிக்கும்வரை வாயைத் திறக்காமல் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இப்போது நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை.

அதனால் வேலையை விட வேண்டாம். எனக்கு ஒத்தாசை வேண்டும், அதை உன்னிடம் மறைக்கவில்லை. ரேணுகாவுக்குத் தெரிந்த ஒருவர் காலையில் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகிறேன் என்கிறார், வரச் சொல்லிவிட்டேன். வாரத்தில் ஒரு நாள் இப்படி அவரை ரேணுகா பார்த்துக்கொண்டால் நான் படுத்துத் தூங்குவேன். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தால் வா. போனில் கூப்பிடும்போது என்னிடம் மட்டும் பேசிவிட்டு வைக்காதே. அப்பாவோடும் பேசு. "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் அதுவேதான் திரும்பி வரும், அதில் உனக்கும் வேதனை. நீ சாப்பிட்டதைச் சொல். அங்கே பனி பெய்ததைச் சொல். அவருக்குப் பிடித்ததை, அவர் வாயில் வந்தால் நன்றாக இருக்கும் என்று நீ நினைப்பதைச் சொல். இனி யாரிடம் எதைச் சொன்னாலும், அது அப்படியே அவர்கள் வாயால் உனக்குத் திரும்பி வந்தால் தாங்கிக்கொள்வாயா என்று ஒரு நொடி யோசித்துச் சொல். நீ யாரைக் கட்டிக்கொண்டாலும் அவளிடமும் அப்படியே. இந்த வருஷம் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான், கற்றுக்கொண்ட விதம்தான் சரியில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அத்தை போன மறுநாள் எனக்கு ஒரு ஆசை வந்தது. சோதித்துப் பார்க்கலாமே என்று. டாக்டருக்கும் தெரியாது, அந்தப் பெண்ணுக்கும் தெரியாது, ஒரு தடவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சரி, இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடப்போகிறது. காலை வெயில் அவர் மடியில் விழுந்திருந்தது. இட்லியைத் துண்டு போட்டுக் கொடுத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் என் வாயையே பார்த்தார், நான் சொல்லப்போவதற்காக. உன் பெயரைச் சொன்னேன். உன் பெயரைச் சொன்னார். அடுத்த சொல், அத்தையிடம் அவர் திருப்பிச் சொல்லாமல் விட்ட அதே சொல், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கீழுதடு பல்லில் பட்டது.

எனக்கும் அதைச் சொல்ல வரவில்லை, கண்ணா.

அம்மா